கோகிலவாணியின் வயிற்றுக் காவல்

ஆலாங்காட்டுப் புதூரில் தறிச் சத்தம் கரண்டு போனால் ஓயும், பெரிய சாவு விழுந்தால் ஓயும், மற்றபடி மாரியம்மன் தேரே வாசலில் வந்து நின்றாலும் கடக்கடக்கென்று துண்டு நெய்துகொண்டேதான் இருப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊர் இந்த இரண்டும் இல்லாமல் ஒருநாள் தறியை நிறுத்தியது, சென்னியப்பன் பெண்டாட்டி கோகிலவாணியின் வயிற்றிலிருந்து காக்கிச் சட்டை போட்ட காவல்காரன் ஒருவன் வெளியே வந்து, மொபெட்டின் பின்சீட்டில் அவள் மடிமேல் உட்கார்ந்தபடி ஊருக்குள் நுழைந்த அன்றைக்கு. வேடிக்கை பார்க்கத்தான் நிறுத்தினார்கள், பயமெல்லாம் ஒன்றும் இல்லை. சாண் உயரம், இடுப்பில் பெல்ட், கையில் தடி, கழுத்தில் விசில், மில் வாட்ச்மேனுக்கு உள்ளது எல்லாம் இருந்தது. பார்த்து முடித்ததும் போய்த் தறியைப் போட்டுவிட்டார்கள்.

அவன் எப்படி வந்தான் என்பதைவிட எதைத் தேடப் போன இடத்தில் வந்தான் என்பதுதான் கதை. கோகிலவாணி அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது வளையல் கை கொள்ளாமல் எண்ணெய் தடவி ஏற்றவேண்டியிருந்தது. பிறகு அதே வளையல்கள் தறிக்கூடத்தில் அவள் துண்டு மடித்து செக்கிங் பார்க்கும்போது தாமாகக் கழன்று விழுந்து உருண்டன. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வயிறு உப்பும், முறுக்கும், கொல்லைக்கு ஓடவைக்கும், வாயெல்லாம் புண், சீப்பெல்லாம் முடி, தங்கிய கரு இரண்டு முறை தங்காமல் போயிற்று. இன்னொன்று தங்கினால் அதைத் தாங்க உடம்பில் ஒன்றுமில்லை என்று சொன்ன உள்ளூர் டாக்டர், தங்காமலே இருந்தாலும் இப்படியே போனால் ஆள் மிஞ்சாது என்பதைச் சென்னியப்பனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தனியாகச் சொன்னதால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அந்த வீட்டில் சமையல் நாகமணியின் கையில். மூத்த மருமகள், புருஷன் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகும் பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டிலேயே தங்கி, மாமியார் செல்லாத்தாளின் சர்க்கரை நோய்க்காக ராத்திரி சப்பாத்தியும் காலையில் கோதுமை ரவை உப்புமாவும் என்று எல்லோரையும் ஒரே அடுப்பில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவள். அவள் சுடுகிற சப்பாத்தி துணியாட்டம் மடியும். கோகிலவாணி மற்றவர்களைவிட ஒன்று கூடவே தின்பாள், தின்றுவிட்டுச் சுருண்டு படுப்பாள், படுத்தவளுக்கு நாகமணி பெருங்காயத்தைத் தாராளமாகத் தட்டிப்போட்டு ரசம் வைத்து, ஆற்றி, தம்ளரில் கொண்டுவந்து நிற்பாள். "குடி கண்ணு, வயித்துக்கு இதமா இருக்கும்" என்பாள். குடித்தால் வலி கூடும். வலி கூடினால் ரசத்தில் இன்னும் கொஞ்சம் பெருங்காயம் கூடும்.

வலிக்கிற வயிற்றுக்குக் காரணம் கேட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் முதலில் கிருமியைச் சொல்லமாட்டார்கள், ஆளைத்தான் சொல்வார்கள். சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். மருந்து என்றால் குணமாக்குகிற மருந்தல்ல. முடியும் சாம்பலும் இன்னும் சொல்லக்கூடாத என்னென்னவோ சேர்த்து, ஆகாதவர் சோற்றில் பிசைந்து கொடுத்துவிடுவது, அது உள்ளே போய் ஒட்டிக்கொண்டு ஆளைத் தின்பது. அதை எடுக்கவென்றே ஆட்கள் உண்டு. காங்கயம் பக்கம் வெள்ளியங்கிரியம்மா என்று ஒருத்தி வயிற்றைத் தடவி, குழலை வைத்து உறிஞ்சி, உள்ளே இருக்கிற உருண்டையைப் பித்தளைத் தட்டில் துப்பிக் காட்டுவாள் என்று கேள்விப்பட்டு, செல்லாத்தாள் மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். நாகமணியை மட்டும் கூட்டிப்போகவில்லை. ஏன் என்று நாகமணி கேட்கவும் இல்லை.

வெள்ளியங்கிரியம்மா குழலை வைத்து உறிஞ்சினாள், கன்னம் உப்பியது, தட்டில் துப்பினாள். டங்கென்று விழுந்தது உருண்டை அல்ல, காவல்காரன். எழுந்து பெல்ட்டைச் சரிசெய்தான், நாலு பக்கமும் பார்த்தான், தடியைத் தட்டின் விளிம்பில் தட்டி, "யாரது? கையைக் காட்டு" என்றான். கோகிலவாணியைத் தவிர மற்ற மூன்று பேரும் கையைக் காட்டினார்கள். காக்கிச் சட்டைக்கு அந்த மரியாதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளியங்கிரியம்மா வாயைக் கொப்பளித்துவிட்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது வச்ச மருந்து இல்லீங் ஆத்தா. இது உங்க மருமக அம்மணியோட சொந்த ஆளு. மூக்கைப் பாருங், அப்படியே அம்மணி மூக்கு" என்றாள்.

"சொந்த ஆளுன்னா நல்லதாப் போச்சு" என்றாள் செல்லாத்தாள். "உள்ளாரயே இருந்தவன் பார்த்திருப்பானல்லோ? மருந்து வச்சது யாருன்னு அவனே சொல்லிப்போடுவான்."

தப்பு அங்கேதான் தொடங்கியது. காவல்காரனை அவர்கள் சாட்சிக்காரன் ஆக்கிவிட்டார்கள். சாட்சி சொல்கிறவனுக்கு நடந்தது தெரிந்திருக்கவேண்டும், காவல் நிற்கிறவனுக்குச் சந்தேகம் இருந்தால் போதும், இந்த வித்தியாசத்தை யாராவது அன்றைக்கு நின்று யோசித்திருந்தால் மேற்கொண்டு நடந்தது நடந்திருக்காது; ஆனால் மொபெட்டில் ஊர் திரும்புகிற அவசரத்தில் இருந்தவர்கள் எதைத்தான் யோசிப்பார்கள்.

வழி திறந்துவிட்டதால் உள்ளே இருந்த மற்றக் காவல்காரர்களும் வந்தார்கள். கோகிலவாணி கொட்டாவி விட்டால் ஒருவன், தும்மினால் ஒருவன், அழுதால் இரண்டு பேர் என்று இறங்கி இறங்கி, வாசலில் நின்றார்கள், தறிக்கூடத்தில் நின்றார்கள், சமையலறை நிலைப்படியில் நின்றார்கள், மிச்சப்பட்டவர்கள் சுவரோரமாக ரோந்து சுற்றினார்கள். எல்லோருக்கும் அவள் மூக்கு. தூங்கமாட்டார்கள், சிரிக்கமாட்டார்கள், கொடுத்ததை வாங்கமாட்டார்கள். பிடிக்காத எதையாவது கண்டால் ஒருவன் விசிலை ஊதுவான், மற்ற எல்லோரும் ஓடிவந்து தடியால் அடிப்பார்கள், ஆனால் அடி பட்டது எதிரியின் மேலா என்று பார்த்தால் இல்லை, பக்கத்தில் எந்தச் சுவர் இருக்கிறதோ அதன்மேல்தான் விழும். காரை பெயர்ந்து கொட்டும். அதே நேரம் கோகிலவாணிக்கு அடிவயிற்றில் முறுக்கிப் பிடிக்கும். முன்பு வலி எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் இருந்தது, இப்போது கண்ணால் பார்க்க முடிந்தது, அதுவே ஒரு ஆறுதல் என்று சென்னியப்பன் சொன்னான். வலி அவனுக்கு இல்லாததால் சொன்னான்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகம்தான் ஆச்சரியம், அதில் ஆச்சரியப்படத்தான் ஆளில்லை. பால்காரர் கேனை இறக்கிவைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் அளந்து ஊற்றினார். ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்தால் சௌக்கியம் கேட்பதற்கு முன்னால் கையைக் காட்டினார்கள். அது அப்படியே தெருவில் பரவி, காவல்காரர்கள் இல்லாத வீடுகளிலும், டீக்கடையிலும், கல்யாண மண்டபத்து வாசலிலும் வணக்கத்துக்குப் பதில் கையைக் காட்டுவது என்று ஆயிற்று. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளை ஒரு நடை சென்னியப்பன் வீட்டு வாசல்வரை கூட்டிவந்து, விசில் ஊதுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சை முடித்தார்கள். சத்திரத்தில் பரோட்டா தின்றுவிட்டு வந்த ஒரு மாப்பிள்ளைக்கு விசில் ஊதி, அந்தச் சம்பந்தம் நின்றேபோனது. தறிப்பட்டறைக்காரர் ஒருவர் நூல் திருடனைக் கண்டுபிடிக்க நாலு காவல்காரர்களை இரவல் கேட்டு வாங்கிப்போனார். அவர்கள் ரேஷன் கடை வழியாகப் போகும்போது கோதுமை மூட்டையைப் பார்த்து விடாமல் ஊதினதில், ரேஷன் கடைக்காரர் திருடன் என்று ஊர் முடிவுகட்டியது. அவர் திருடத்தான் செய்தார், ஆனால் அது வேறு விஷயம்.

காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகக் குழம்புக் கிண்ணம் கைமாறுகிற பழக்கம் அந்தத் தெருவில் நின்றது. கோயில் பிரசாதத்தைக்கூட வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, வீட்டில் பூனைக்கு வைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் எல்லோர் கையின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது, அதற்கு முன்பு எல்லோர் மனசின் மேலும்தான் இருந்தது.

கோகிலவாணிக்கும் வந்தது. அவளை நல்லவள் என்றே சொல்லவேண்டும், ஆனால் நோவு நல்லவர்களை என்ன செய்யும் என்பதற்கு அவளைப் பார்த்தால் போதும். படுத்தபடி சமையலறைப் பக்கமே கவனித்துக்கொண்டிருந்தாள். நாகமணி மாவு பிசைகிற கையை, ரசத்தைக் கிளறுகிற கையை, தம்ளரை நீட்டுகிற கையைப் பார்த்தாள். இந்தக் கை ஏன் இத்தனை பாசமாக இருக்கிறது, எனக்கு என்ன உறவு, புருஷன் இல்லாதவளுக்குப் புருஷன் உள்ளவளைக் கண்டால் என்ன தோன்றும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். கேட்கக் கேட்க, நிலைப்படியில் நின்ற காவல்காரர்கள் தலையை ஆட்டினார்கள்.

கோயமுத்தூரில் பெரிய டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லிச் சென்னியப்பன் அங்கே அழைத்துப்போனான். டாக்டரம்மா காவல்காரர்கள் கேட்டபடி உறை போட்ட கையைக் காட்டினார், "நீங்கெல்லாம் கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார், தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்த்தார், துளியளவு சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"நீ என்னம்மா வேலை செய்யற?"

"துண்டு செக்கிங்குங்."

"டர்க்கி துண்டா? அப்ப உனக்குச் சுலபமாப் புரியும். குடலோட உள்பக்கம் டர்க்கி துண்டு மாதிரி பொசுபொசுன்னு இருக்கணும். அந்தப் பூந்தூவிதான் சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சறது. உனக்கு அது வழிச்சு எடுத்தாப்ல இருக்கு. வழிச்சது வெளிய உக்காந்திருக்கற உன் ஆளுங்கதான். அவங்க கெட்டவங்க இல்ல, எல்லார் உடம்புலயும் காவல் உண்டு. உன் ஆளுங்களுக்குக் கோதுமையைக் கண்டா திருடனைக் கண்ட மாதிரி. அதை அடிக்கிறேன்னு வீட்டுச் சுவரை இடிக்கிறாங்க."

கோகிலவாணி தலையாட்டினாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "காயம்பட்ட இடத்துக்குத் தையல் போடுற வேலைக்காரி ஒருத்தி உள்ளயே இருக்கா. உடம்போட சொந்த ஆள். கோதுமை வர்றப்ப அதையும் கையில எடுத்துப் பார்ப்பா, அது அவ சுபாவம். கோதுமை கூடவே அவளைப் பார்த்துட்டதால, அவளும் கூட்டாளின்னு நெனச்சு அவளையும் சேர்த்துத் தாக்கறாங்க. கோதுமையை அடியோட விட்டுரு, துளி கூட ஆகாது. தூவி தானா வளரும். ஆனா உன் ஆளுங்க பார்த்த முகத்தை மறக்கவே மாட்டாங்க, ஆயுசுக்கும் ஞாபகம் வச்சிருப்பாங்க."

கோதுமையை விடவேண்டும் என்பது கோகிலவாணியின் காதில் விழுந்தது. வேலைக்காரி பேச்சு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், பாதி விழுந்தது பாதி விழவில்லை.

வீட்டில் கோதுமையை ஒழித்தார்கள். மாவு டின், ரவை டின், சேமியா, பிஸ்கட், மைதா, எல்லாம் போயிற்று. செல்லாத்தாள் வரகுச் சோற்றுக்கு மாறி முனகிக்கொண்டே தின்றாள். நாகமணி சப்பாத்திக் கல்லைத் தேய்த்துக் கழுவி, போதாதென்று அதையும் தூக்கிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாள். விசில் குறைந்தது. கோகிலவாணி எழுந்து நடந்தாள். ஒரு வளையல் கழலாமல் கையில் நின்றது. நாகமணி அந்தச் சந்தோஷத்தில், இத்தனை நாள் அடிபட்ட வயிறு சீக்கிரம் ஆறட்டும் என்று, ரசத்துக்குப் பெருங்காயத்தை இன்னும் தாராளமாகத் தட்டினாள்.

ரசம் வந்தது, விசில் ஊதியது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. கோதுமை வீட்டில் இல்லை, விசில் ஊதுகிறது, அப்படியானால் யாரோ ஒளித்துக் கொண்டுவந்து போடுகிறார்கள். யார் சமைக்கிறார்கள்? நாகமணி. நாகமணி கையைக் கழுவிக் காட்டினாள், பெருங்காய வாசனை போகாத அந்தக் கையைப் பார்த்து ஊதினார்கள். குளித்து ஈரப்புடவையோடு வந்து சமைத்தாள், ரசம் இறங்கியதும் ஊதினார்கள். நீயே முதலில் குடி என்றாள் செல்லாத்தாள், எல்லோர் முன்பாகவும் குடித்துக் காட்டினாள், குடித்த வாயைப் பார்த்தும் ஊதினார்கள். தடிகள் சமையலறைச் சுவரில் விழுந்து செங்கல் தெரிந்தது. கோகிலவாணி மறுபடியும் படுத்தாள்.

ஒருநாள் காலையில், தெருப் பெண்கள் நாலு பேர் வாசலில் நின்று எட்டிப்பார்த்துக்கொண்டிருக்க, செல்லாத்தாள் பேச்சை எடுத்தாள். "என்ற மூத்த பையனைத்தான் முழுங்கினே. இவளையும் முழுங்கிட்டு இந்த ஊட்டுல நீ மட்டும் இருக்கலாம்னு பாக்கறயா?"

நாகமணி அவளை விட்டுத் திரும்பினாள். சென்னியப்பனையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலண்டை வந்து நின்றாள்.

"கோகிலா. நான் உன்ற வயித்துக்கு ஆகாதது எதையாச்சும் செய்வனா? நீயாச்சும் சொல்லு கண்ணு."

சொல்வதற்கு ஒரு வார்த்தை போதும். கோகிலவாணி வாயைத் திறந்தாள். திறந்தவள், நாகமணியின் முகத்தைப் பார்ப்பதற்குப் பதிலாகக் காவல்காரர்களைப் பார்த்தாள். அவர்கள் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நாகமணி ஒரு கட்டைப்பையில் நாலு புடவையை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் காவல்காரர்கள் மறித்துக் கையைக் காட்டு என்றபோது, அந்த வீட்டிலிருந்து போவதற்கும் கையைக் காட்டிவிட்டுத்தான் போனாள்.

அவள் போன பிறகு செல்லாத்தாள் சமைத்தாள். அவள் வைத்த ரசத்துக்கும் ஊதினார்கள். அப்போதாவது புரிந்திருக்கவேண்டும். ஆனால் சந்தேகத்துக்கு ஒரு முகம் கொடுத்தாயிற்று, அந்த முகத்தைத் திரும்ப வாங்க யாருக்கு மனசு வருகிறது. போகிறபோது எதையோ புதைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றார்கள். அடுப்படியைத் தோண்டினார்கள், ஒன்றுமில்லை. அம்மியைப் புரட்டினார்கள், ஒன்றுமில்லை. சுவருக்குள் இருக்கும் என்று யாரோ சொல்ல, காவல்காரர்கள் பாதி இடித்துவைத்திருந்த சமையலறைச் சுவரைச் சென்னியப்பனும் தெரு ஆட்களும் சேர்ந்து மீதியையும் இடித்தார்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே வேலை நடந்தது. கோகிலவாணிக்குத் தூக்கி உட்காரவைத்தால்தான் உட்கார முடிகிறது என்ற நிலை வந்தது.

இடித்த சமையலறையின் சாமான்களையெல்லாம் வாசலில் வெயிலில் பரப்பி வைத்திருந்தார்கள். உப்பு ஜாடி, புளிப்பானை, மிளகாய் டப்பா, கொள்ளு, பருப்பு, ஒவ்வொன்றும் தனித்தனியாக. எல்லோரும் செங்கல் அள்ளப் போயிருந்தார்கள். சுவரில் சாய்த்து உட்காரவைக்கப்பட்டிருந்த கோகிலவாணி பார்த்தாள்: காவல்காரர்கள் உப்பைத் தாண்டினார்கள், புளியைத் தாண்டினார்கள், எதையும் சட்டைபண்ணவில்லை, மூடி நசுங்கிய ஒரு மஞ்சள் டப்பாவைச் சுற்றி வளைத்துக்கொண்டு, மூச்சு முட்ட ஊதினார்கள். பெருங்காய டப்பா.

சென்னியப்பனை மொபெட் எடுக்கச் சொல்லி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனாள். கடைக்காரர் தங்கவேலு வழக்கம்போல் கையைக் காட்டிவிட்டு, டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தார். "நல்ல சரக்குத்தானுங்களே. என்ன குறை?"

"இதுல கோதுமை சேருதுங்களா அண்ணா?"

"சேராம? பச்சைப் பெருங்காயத்தை அப்படியே போட்டா வாயில வெக்க முடியுமாங் அம்மணி? மாவுல பெசஞ்சுதான் கட்டி புடிக்கறது. முக்காவாசி கோதுமை மாவுதானுங். ஊருக்கே தெரியுமே."

ஊருக்கே தெரிந்துதான் இருந்தது. கடைத் திண்டில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட ஆமாம் ஆமாம் என்றார்கள். கோகிலவாணி அங்கேயே அழுதாள். இரண்டு காவல்காரர்கள் கூடுதலாக இறங்கி நின்றார்கள். தையல் போடுகிற வேலைக்காரி, கோதுமையோடு பார்த்ததற்காகவே கூட்டாளி ஆக்கப்பட்டவள் என்று டாக்டரம்மா சொன்னது இப்போது முழுதாகக் காதில் விழுந்தது.

வீட்டில் வந்து சொன்னாள். செல்லாத்தாள் கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரி. அவ ஏன் அத்தனை பெருங்காயத்தைப் போட்டா?" என்றாள். "தெரிஞ்சுதான் போட்டிருப்பா." தெருவில் பாதிப்பேர் அதுவும் நியாயம்தான் என்றார்கள்.

பெருங்காயம் போன பிறகு உடம்பு மெல்லத் தேறியது. யாரும் பிடிக்காமல் நடக்க முடிந்த முதல் நாளே கோகிலவாணி பஸ் ஏறினாள். ஊத்துக்குளிக்கு அந்தப் பக்கம், தம்பி தோட்டத்தில், ஆட்டுப்பட்டியை ஒட்டின தகரக் கொட்டகையில் நாகமணி இருக்கிறாள் என்று விசாரித்து வைத்திருந்தாள். காவல்காரர்கள் வரிசையாகப் பின்னால் வந்தார்கள். வராதே என்றால் கேட்கிற ஜாதியா அவர்கள்.

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. இவள் தட்டுவதற்குள், உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரது?"

கோகிலவாணி நின்றுவிட்டாள். அந்தக் கேள்வியை இத்தனை காலம் அவள் பக்கம் இருந்துதான் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார்கள், அவளை யாரும் கேட்டதில்லை.

"நான்தானுங் அக்கா. கோகிலா."

கதவு கொஞ்சமாகத் திறந்தது. நாகமணியின் முகம் பாதி தெரிந்ததும் காவல்காரர்கள் எல்லோரும் ஒரேயடியாக ஊதினார்கள். பட்டியில் ஆடுகள் மிரண்டன. நாகமணி, பழகிய பழக்கத்தில், இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். களி கிண்டிக்கொண்டிருந்த கை, விரலெல்லாம் ராகி மாவு.

"வேண்டாங் அக்கா. கையை எறக்குங்."

"என்னத்துக்கு வந்தே? இங்கயும் எதையாச்சும் வச்சிருக்கறனான்னு பாக்கறதுக்கா? பாத்துக்க. கொட்டாயி தொறந்துதான் கெடக்குது."

கோகிலவாணி பெருங்காயத்தைச் சொன்னாள். டப்பாவை, வெயிலை, கடைக்காரரைச் சொன்னாள். நாகமணி கதவைப் பிடித்தபடி கேட்டாள். முகத்தில் ஒன்றும் இளகவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மட்டும், ரசத்தைப் பற்றி வரும்போது, கண்ணை மூடித் திறந்தாள்.

"அப்ப நான் குடுத்ததுதான் உன்னைத் தின்னிருக்குது" என்றாள்.

"தெரியாமக் குடுத்தீங் அக்கா."

"நான் தெரியாமத்தான் செஞ்சேன். நீ தெரிஞ்சு செஞ்சே. அன்னிக்கு உன்னைத்தான் வந்து கேட்டேன். உன்ற வாயில இருந்து ஒரு வார்த்தை வரலையே கண்ணு. இந்தப் பொம்மைகளைப் பாத்தே."

உள்ளே அடுப்பில் களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, நாகமணி திரும்பிப் பார்த்தாள், ஆனால் கதவை விட்டு நகரவில்லை. இவளை வாசலில் தனியாக விட்டுவிட்டு முதுகைக் காட்ட அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கோகிலவாணி அதைப் பார்த்தாள். தன் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி தானும் இப்படித்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

அவள் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வளையல்கள் பின்னுக்குச் சரிய, தன்னுடைய இரண்டு கையையும், பால்காரரும் ஒறம்பரையும் ஊரே நீட்டினது போல, விரித்து நாகமணியின் முன்னால் நீட்டினாள்.

நாகமணி அந்தக் கைகளைப் பார்த்தாள். அவசரமே இல்லாமல், விரல் விரலாக, நூலில் பழுது தேடுகிற மாதிரி பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கோகிலவாணி கையை மடக்கவில்லை. திரும்பி வந்த நாகமணியின் கையில் ஆவி பறக்கிற களி உருண்டை இருந்தது, அதன் நடுவில் குழி பறித்துக் கொள்ளுப் பருப்பு ஊற்றியிருந்தது.

"ராகி. பருப்புல பூண்டும் சீரகமும் மட்டும்தான். நான் மொதல்ல திங்கட்டுமா?"

"வேண்டாங்."

உருண்டையை வாங்கினாள். காவல்காரர்கள் முழங்காலில் ஏறி, முழங்கையில் தொங்கி, கன்னம் வெடிக்க ஊதினார்கள்; பார்த்த முகத்தை மறக்காதவர்கள், மறக்கவும் போவதில்லை. கோகிலவாணி ஒரு வாய் பிட்டு விழுங்கினாள். வயிற்றில் முறுக்கு வருவதற்காகக் கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. இன்னொரு வாய் விழுங்கினாள். விசில் ஊதியது, வலி வரவில்லை. இத்தனை காலத்தில் இரண்டும் தனித்தனியாக நின்றது அப்போதுதான், அவர்கள் தப்பாகவும் ஊதுவார்கள் என்பது அவள் வயிற்றுக்கே தெரிந்ததும் அப்போதுதான். அவள் அழுதுகொண்டே தின்றாள், கொள்ளுப் பருப்பு மணிக்கட்டு வழியாக ஒழுகியது.

நாகமணி அவளுக்கு எதிரில் கதவோரம் உட்கார்ந்து, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அந்த ஊட்டுக்கு வரமாட்டேன்" என்றாள்.

"தெரியுமுங் அக்கா."

"பசிச்சா நீ இங்க வா."

விசில் இன்னும் ஓயவில்லை. ஒரு ஆட்டுக்குட்டி வந்து காவல்காரன் ஒருவனின் தொப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

"கத்தட்டும் உடு" என்றாள் நாகமணி. "இன்னொரு உருண்டை வாங்கிக்க."

கோகிலவாணி மறுபடியும் இரண்டு கையையும் நீட்டினாள்.